மூச்சில் இழுக்கும் இன்சுலின்: செலவுக் கணக்கில் எங்கே தவறுகிறோம்?

அமெரிக்காவில் மூச்சு வழியாக இழுக்கும் இன்சுலினாக இன்று கிடைப்பது அஃப்ரெஸா. 2014-ல் எஃப்.டி.ஏ. (அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி பெற்ற மருந்து. இதன் விலையை இணையத்தில் பார்த்துவிட்டு "நமக்கு எட்டாது" என்று டாக்டரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் பலர். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். காப்பீடு இருந்தால் உங்கள் கையிலிருந்து போகும் பணத்தைத் தீர்மானிப்பது வேறு: திட்டத்தின் மருந்துப் பட்டியலில் இது இருக்கிறதா, காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டுமா, இந்த வருட டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) தீர்ந்ததா என்பவை.

அப்புறம், இன்சுலினுக்கு மாதம் 35 டாலர்தான் என்று பேசப்படும் அந்த வரம்பு. 2023 ஜனவரியிலிருந்து மெடிகேர் பார்ட் டி-யில் (முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துப் பிரிவு) இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கேட்க முடியாது, டிடக்டிபிளும் கிடையாது. ஆனால் உங்கள் திட்டம் ஏற்றுக்கொண்ட இன்சுலினுக்கு மட்டும்தான் இந்த வரம்பு. அஃப்ரெஸா பட்டியலில் இல்லையென்றால், டாக்டரின் காரணக் கடிதத்தோடு விதிவிலக்கு கேட்க வேண்டும். பதில் வழக்கமாக 72 மணி நேரத்தில், அவசரமென்றால் 24 மணி நேரத்தில் வந்தாக வேண்டும். இன்னொன்று, வரம்பு ஒவ்வொரு இன்சுலினுக்கும் தனித்தனி. டைப் 1 உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு இதை இழுத்தாலும், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை ஊசியாகப் போட்டே ஆக வேண்டும். ஆக 35 அல்ல, 70 வரை போகலாம்.

நீங்கள் கட்ட வேண்டிய பங்கைக் குறைக்க மருந்து நிறுவனம் தரும் சலுகை அட்டையை மெடிகேர், மெடிகெய்டு (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் அந்தக் காப்பீட்டோடு சேர்த்துப் பயன்படுத்த முடியாது. தனியார் காப்பீட்டிலும் சில திட்டங்கள் அட்டை கட்டிய பணத்தை டிடக்டிபிளில் சேர்ப்பதில்லை. அட்டையின் வரம்பு தீர்ந்த மாதம் பில் திடீரென்று ஏறும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அளவு விஷயத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். இன்ஹேலரில் போடும் மருந்துக் கார்ட்ரிட்ஜ் 4, 8, 12 யூனிட்களில் மட்டுமே வருகிறது. ஊசியில் 3 யூனிட் போடுபவருக்கும் இதில் 4 யூனிட் கார்ட்ரிட்ஜ்தான். சர்க்கரை கட்டுக்குள் வர டோஸ் கூடும்போது, மருந்துச்சீட்டு பழையபடியே இருந்தால் பெட்டி சீக்கிரம் காலியாகும். "இன்னும் நாளாகவில்லை" என்று காப்பீடு மறுக்கும். மீதியைச் சொந்தக் காசில் வாங்க நேரும். டோஸ் மாறிய அன்றே புதுச் சீட்டு வாங்குவது நல்லது.

வீணாவதும் செலவுதான். பிரித்த ஸ்ட்ரிப்பை 3 நாளுக்குள் முடிக்க வேண்டும். பிரிக்காததும் ஃபிரிட்ஜுக்கு வெளியே 10 நாள்தான் தாங்கும். இன்ஹேலரை 15 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கடைசியாக, நுரையீரல் பரிசோதனை. தொடங்கும் முன், 6 மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) செய்ய வேண்டும். அதன் பில் பெரும்பாலும் மருத்துவக் காப்பீட்டின் கீழ் தனியாக வரும். ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவர்கள் இந்த மருந்தை எடுக்கவே கூடாது. எனவே முன் அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.