பிரண்டைத் துவையல்: புதுசா பண்றவங்க செய்ற தப்புகள்

போன வாரம் மார்க்கெட்ல ஒரு பொண்ணு தடி தடியா இருக்கற முத்தின பிரண்டையா பாத்து பொறுக்கிட்டு இருந்துச்சு, நானும் கல்யாணமான புதுசுல அதேதான் பண்ணேன், அதான் எழுதணும்னு தோணுச்சு. நறுக்கறப்ப அரிக்காம இருக்க கையில எண்ணெய் தடவிக்கணும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன்.

முத்தினத வாங்கறது

கொழுந்துதான் வேணும். ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், நார் இழுத்தா வாங்காதீங்க.

பாதி வதக்கி இறக்கறது

எனக்கு இன்னைக்கும் ஆத்திரம் வர்றது இதுலதான். பச்சை மாறினா சத்து போயிடும்னு யாரோ சொல்ல, நானும் ரெண்டு நிமிஷம் பெரட்டி அரைச்சுட்டேன். எங்க மாமனார் ஒரு வாய் வெச்சதும் தொண்டையப் புடிச்சுக்கிட்டார், டம்ளர் டம்ளரா மோர் குடிச்சும் அடங்கல, அதுக்கப்புறம் பிரண்டைய வீட்டுக்குள்ளயே விடல. அதுல கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியா படிகமா இருக்கு, நாக்க அரிக்கறது அதுதான். கணுவ வெட்டி எறிஞ்சு, ஓரத்து நாரெல்லாம் உரிச்சு, பொடியா நறுக்கி, நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி, சின்னத் தீயில பச்சை போய் பழுப்பா சுருங்கற வரைக்கும் வதக்குங்க, பத்து நிமிஷத்துக்கு மேலயே ஆகும். உளுந்து, வரமிளகா, இஞ்சியோட புளியும் நல்லா வெக்கணும், புளில கஞ்சத்தனம் கூடவே கூடாது. அரைச்சதும் துளி நாக்கு நுனில வெச்சு கொஞ்ச நேரம் பொறுங்க, நமநமன்னா திரும்ப வாணலில போட்டு வதக்குங்க.

பச்சையா ஜூஸ் அடிக்கறது

வேண்டவே வேண்டாம்.

எலும்பு ஒட்டிடும்னு கட்டு போடாம இருக்கறது

இந்தில இதுக்கு ஹட்ஜோட்னே பேரு, எலும்ப சேக்கறதுன்னு அர்த்தம். எலிகள்கிட்ட பண்ண ஆய்வுல எலும்பு சீக்கிரம் கூடினதா பாத்திருக்காங்க, மனுஷங்ககிட்ட நடந்தது சின்னச் சின்ன ஆய்வுங்கதான். அதனால எக்ஸ்ரேவும் மாவுக்கட்டும்தான் முதல்ல. பிரண்டைல இருக்கற கால்சியம் அத்தனையும் எலும்புக்குப் போயிடும்னும் நெனைக்காதீங்க, ஆக்சலேட்டோட சேந்தத உடம்பு சரியா எடுத்துக்காது.

யாருக்கு ஆகும்னு பாக்காம குடுக்கறது

கிட்னில கல்லு வந்தவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. இப்ப கேப்சூலாவும் பவுடராவும் விக்கறாங்களே, அது துவையல் மாதிரி இல்ல, அளவு ரொம்ப ஜாஸ்தி. சுகருக்கு மாத்திரை போடறவங்களுக்கு சர்க்கரை இன்னும் எறங்கிடலாம், மாசமா இருக்கறவங்களுக்கு அது பத்திரம்னு சொல்ல ஆதாரம் போதாது.

எங்கம்மா வாரம் ஒரு தடவைதான் அரைப்பாங்க, ஆளுக்கு ஒரு நெல்லிக்கா அளவு, சுடுசோறு, மேல நல்லெண்ணெய்.