பழைய வானில பெற்றோல் பம்ப் எவ்வளவு காலம் ஓடும்? புதுசு வாங்க முதல் நீங்களே பார்க்கக்கூடிய வேலையள்

2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு 2025 வரைக்கும் புது வான் எண்ட கதையே இல்லாமப் போச்சு, அதால வன்னிப் பக்கம் இப்பவும் ஓடுறதில கனக்க பழைய வானுகள் தான், டவுன் ஏஸ், லைட் ஏஸ், டொல்பின், வனெற், பிறகு சின்ன எவ்ரி. இதுகளை வச்சிருக்கிற ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி "பம்ப் எத்தினை கிலோமீற்றர் தாங்கும்?" எண்டது. டாங்கிக்குள்ள இருக்கிற எலக்ரிக் பம்ப் ஒழுங்காப் பாவிச்சா ஒன்றரை லட்சம் கிலோமீற்றர் போகும், அதுக்கு மேலயும் போகும். அதே பம்ப் அதில அரைவாசி ஓட முதலே எரிஞ்சும் போகும். வித்தியாசம் மீற்றரில இல்லை. டாங்கியில எவ்வளவு எண்ணெய் வச்சு ஓடுறீங்கள், அந்த எண்ணெய்க்குள்ள என்ன கிடக்கு, இந்த ரெண்டும் தான் பம்பின்ர ஆயுள்.

ஏனெண்டா இந்தப் பம்பின்ர மோட்டர் பெற்றோலுக்குள்ளேயே தாண்டு கிடக்குது. பெற்றோல் மோட்டருக்குள்ளால ஓடித்தான் மேல போகுது, அது தான் அதுக்குக் குளிர்ச்சி, அது தான் கிறீஸ். (பெற்றோலுக்குள்ள கரண்ட் மோட்டர் ஓடுதே, நெருப்புப் பத்தாதோ எண்டு பயப்பிடுற ஆக்கள் இருக்கினம், பம்புக்குள்ள முழுக்க எண்ணெய் நிக்கிற வரைக்கும் காத்து இல்லை, காத்து இல்லாமல் பத்தாது.) சிவப்பு லைற் எரியிற வரைக்கும் ஓடிப்போட்டு ரெண்டு லீற்றர் அடிக்கிற பழக்கம் இருந்தா மோட்டர் பாதி நேரம் வெளியில நிண்டு சூடாகும், அடியில கிடக்கிற கறள், மண், தண்ணி எல்லாத்தையும் இழுக்கும். 2022இல பெற்றோல் வரிசையில நிண்ட நேரம் கனபேர் அடிமட்டத்தில தான் ஓடினவை, கேனிலயும் போத்திலிலயும் சேத்து வச்ச எண்ணெயை அப்பிடியே ஊத்தினவை. அந்த ஊத்தை இன்னும் சில டாங்கிகளின்ர அடியில கிடக்கு.

முதல்ல உங்கட வானில என்ன பம்ப் எண்டு பாருங்கோ

காபரேற்றர் வான் எண்டா, 5கே எஞ்சின் போட்ட பழைய டவுன் ஏஸ் மாதிரி, பம்ப் எஞ்சின் பக்கத்தில ரெண்டு நட்டில பூட்டிக் கிடக்கும், கரண்ட் இல்லை, உள்ளுக்கு ஒரு றபர் சவ்வு மேல கீழ ஆடும். அந்த றபர் காலப்போக்கில காய்ஞ்சு வெடிக்கும். வெடிச்சா பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கலாம், அதால டிப்ஸ்டிக்கை இழுத்து மணந்து பாருங்கோ, பெற்றோல் மணத்தா வானை ஓட வேண்டாம்.

ஈ.எவ்.ஐ வான் எண்டா, அதாவது காபரேற்றர் இல்லாமல் கம்பியூட்டர் சொல்லி இன்ஜெக்ரர் பெற்றோலைப் பீச்சிற வகை, பம்ப் டாங்கிக்குள்ள. இனிச் சொல்லப்போறது முக்கியமா இதைப்பற்றித் தான். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் ஒரு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின சனம் நாங்கள், அந்த நினைப்பில ஈ.எவ்.ஐக்கு மண்ணெண்ணெய் கலக்காதேங்கோ, அந்தக் காலத்து எஞ்சின் வேற இது வேற.

டீசல் வான் எண்டா பெரிய பம்ப் எஞ்சினில இருக்கும், அது தனிக் கதை. அதுக்கு நீங்கள் செய்யிறது ரெண்டே ரெண்டு விசயம், எண்ணெய் முடிய விடாதேங்கோ, பில்ரருக்குக் கீழ இருக்கிற திருகைத் திறந்து தண்ணியை அப்பப்ப வடியுங்கோ. எண்ணெய் முடிஞ்சு காத்து ஏறினா பில்ரருக்கு மேல இருக்கிற கைப்பம்பை இறுகிற வரைக்கும் அமத்திக் காத்தை எடுக்கவேணும்.

பம்ப் களைக்குது எண்டு எப்பிடித் தெரியும்

வவுனியாவில இருந்து வெளிக்கிட்டு புளியங்குளம் வரைக்கும் நல்லா வரும், மாங்குளம் தாண்ட அக்சிலரேற்றரை மிதிச்சா எழும்பாது, கொஞ்சத்தால நிண்டிடும். மர நிழலில அரை மணித்தியாலம் விட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் வரும். சூட்டில நிண்டு ஆறினாப் பிறகு ஓடுறது எண்டா பம்பில சந்தேகப்படலாம், ஆனா இக்னிஷன் கொயிலும் சூட்டில இதே வேலை தான் காட்டும், அதால நிண்ட இடத்திலேயே பிளக்குக்கு நெருப்பு வருதோ எண்டு பாக்கிறது நல்லது. நெருப்புப் பாக்கேக்க பக்கத்தில பெற்றோல் ஒழுக்கு இருக்கக்கூடாது. பின்னுக்கு டாங்கிப் பக்கம் முந்தி இல்லாத கீச்சுச் சத்தம் வாறது, காலமையில கனநேரம் செல்ப் அடிக்கவேண்டி வாறது, ஏற்றத்தில இழுவை குறையிறது, இதுகளும் அறிகுறி.

சத்தத்தைக் கேளுங்கோ

ஒராளை திறப்பை ஓன் பண்ணச் சொல்லிப்போட்டு பெற்றோல் டாங்கி மூடியைத் திறந்து காதை வையுங்கோ. எவ்ரி மாதிரி வானில ஒண்டு ரெண்டு செக்கன் ஒரு மெல்லிய உறுமல் கேக்கவேணும். பழைய டொயோட்டா கனக்கில திறப்பை ஓன் பண்ணினா மட்டும் பம்ப் ஓடாது, செல்ப் அடிக்கேக்க தான் ஓடும், இது தெரியாமல் "சத்தமே இல்லை, பம்ப் செத்துப்போச்சு" எண்டு நல்ல பம்பைக் கழட்டுற ஆக்கள் இருக்கினம். அந்த வானுகளில செக் கனெக்ரர் எண்டு மூடி போட்ட சின்னப் பெட்டி ஒண்டு இருக்கும், மூடியின்ர உள்பக்கம் பெயர் அடிச்சிருக்கும். பிளஸ் பி, எவ்.பி ரெண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சு திறப்பை ஓன் பண்ணினா எஞ்சின் ஓடாமலே பம்ப் ஓடும். பெயர் வாசிக்க ஏலாட்டி இந்த வேலையைச் செய்யாதேங்கோ, பிழையான ரெண்டை இணைச்சா கம்பியூட்டர் போகலாம்.

சத்தம் இல்லை எண்டா

பியூஸைப் பாருங்கோ. பிறகு பம்புக்குக் கரண்ட் விடுற சுவிச்சு மாதிரியான ரிலே, அதே நம்பர் அடிச்ச வேற ரிலே பெட்டியில இருந்தா மாத்திப் போட்டுப் பாக்கலாம். பிறகு பம்புக்குப் போற கனெக்ரரைக் கழட்டாமல், பின்பக்கத்தால மீற்றர் முனையை வச்சு, செல்ப் அடிக்கேக்க வோல்ட் பாருங்கோ. எங்கட பக்கம் மாரிக்குக் கிறவல் றோட்டுச் சேறு வானுக்கு அடியில அப்பிக் காய்ஞ்சு கிடக்கும், கனெக்ரருக்குள்ள பார்த்தா பித்தளைப் பின்னில பச்சை பூத்திருக்கும். பட்டரி நல்லா இருக்க, அங்க மட்டும் 8, 9 வோல்ட் தான் வருது எண்டா பிழை வயரிலயோ எர்த்திலயோ தான், புதுப் பம்ப் போட்டாலும் அதே கரைச்சல் தான். சுரண்டிச் சுத்தம் பண்ணி எர்த் நட்டை இறுக்கிப்போட்டுத் திரும்பப் பாருங்கோ. ஒழுங்கான வோல்ட் வந்தும் பம்ப் அசையேல்லை எண்டா, செல்ப் அடிக்கேக்க டாங்கிக்கு அடியில கையால ரெண்டு தட்டுத் தட்டுங்கோ. தட்ட ஸ்டார்ட் வந்தா மோட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற கரி (கார்பன் பிரஷ்) தேஞ்சு போச்சு. வீட்டை போய்ச் சேர அது உதவும், நாளைக்கும் உதவும் எண்டு நம்பி முல்லைத்தீவுக்கு வெளிக்கிடாதேங்கோ.

சத்தம் இருக்கு, இழுவை இல்லை எண்டா

முதல்ல பில்ரரை மாத்துங்கோ. அடைச்ச பில்ரருக்கு எதிரா தள்ளித் தள்ளித் தான் கன பம்ப் சாகுது, பம்பின்ர விலையோட பாத்தா பில்ரர் சின்னக் காசு. அதுக்குப் பிறகும் சரிவரேல்லை எண்டா பிரஷர் மீற்றர் இருக்கிற கராஜ் ஒண்டில அளக்கச் சொல்லுங்கோ. பழைய ஈ.எவ்.ஐ வானுகளில பொதுவா 2.5இல இருந்து 3.5 பார் வரைக்கும் இருக்கும், உங்கட எஞ்சினுக்குச் சரியான அளவைக் கேட்டு வச்சிருங்கோ. எஞ்சினை நிப்பாட்டின உடன மீற்றர் முள்ளு தடாரெண்டு கீழ விழுந்தா பம்புக்குள்ள இருக்கிற வால்வோ, இன்ஜெக்ரரோ, பிரஷரைக் கட்டுப்படுத்திற றெகுலேற்றரோ ஒழுகுது.

மாத்துறது

இது வெளியில, காத்தோட்டமான இடத்தில செய்யிற வேலை. சிகரெட், விளக்கு, போன் சார்ஜர், கிறைண்டர் ஒண்டும் கிட்ட வேண்டாம், மணலும் தீயணைக்கிற சிலிண்டரும் கைக்கெட்டின தூரத்தில இருக்கட்டும். டாங்கியில எண்ணெய் குறைவா இருக்கிற நாளாப் பாருங்கோ. எஞ்சின் ஓடேக்க பம்பின்ர பியூஸைக் கழட்டினா லைனில இருக்கிற பிரஷர் முடிஞ்சு தானா நிக்கும், பிறகு பட்டரியின்ர மைனஸைக் கழட்டுங்கோ. சில வானில சீற்றுக்குக் கீழ மூடி இருக்கும், இல்லாட்டி டாங்கியை இறக்கவேணும், அது தனிய செய்யிற வேலை இல்லை, பழகின ஒராள் பக்கத்தில இருக்கட்டும்.

கழட்டின கையோட ரோர்ச் அடிச்சு டாங்கிக்குள்ள பாருங்கோ. கறள் தூள் கிடந்தா டாங்கியைக் கழுவாமல் புதுப் பம்பை இறக்கக்கூடாது, இறக்கினா அதுவும் கெதியாப் போயிடும். பம்போட சேர்த்து அடியில இருக்கிற வலையையும் மேல இருக்கிற றபர் வளையத்தையும் மாத்துங்கோ. கொழும்பில பாவிச்ச சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில இருந்து வாற பம்ப் மலிவு தான், ஆனா அது எந்த டாங்கியில எப்பிடிக் கிடந்தது எண்டு கடைக்காரருக்கும் தெரியாது, என்னைக் கேட்டா மற்றச் சாமானை அங்க வாங்குங்கோ, பம்பைப் புதுசா வாங்குங்கோ. டாங்கிக்குள்ள போடுற சின்னப் பைப் பெற்றோலுக்குள்ள தாண்டு கிடக்கிற வகையா இருக்கவேணும், சாதாரணப் பைப் உள்ளுக்குக் கிடந்து ஊதி வெடிக்கும்.

பூட்டி முடிச்சு, மூடுற எல்லாத்தையும் மூடி, காவாசி டாங்கிக்குக் குறையாமல் எண்ணெய் விட்டு, கழட்டின பியூஸைத் திரும்பப் போட்டு மைனஸைக் கொழுவுங்கோ. திறப்பை ஓன் ஓப் ஓன் ஓப் எண்டு நாலைஞ்சு தரம் திருப்பி, பழைய டொயோட்டா எண்டா கொஞ்சம் கொஞ்சமா செல்ப் அடிச்சு, லைனை நிரப்புங்கோ. எஞ்சின் ஓடேக்க ஒவ்வொரு பொருத்தையும் ரோர்ச் வெளிச்சத்தில பாருங்கோ, ஈரம் தெரிஞ்சா உடன நிப்பாட்டி இறுக்குங்கோ. அடுத்த நாள் காலமை கதவைத் திறந்த உடன வானுக்குள்ள பெற்றோல் மணத்தா அந்த றபர் வளையம் சரியா இருக்கேல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்த முதல் திரும்பக் கழட்டிப் பூட்டுங்கோ.