ஃபேன்டஸி கேமில் பட்டம் எது, பெயர் எது? புதிதாக ஆடுபவர்களுக்கு

மெஜஸ்டிக் மெட்ரோவின் முழுப் பெயர் நாடப்பிரபு கெம்பேகவுடா நிலையம். நாடப்பிரபு பட்டம் என்பது பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அதே ஆட்கள் ஸ்கைரிம் கேமுக்குள் போனதும், ஊரை ஆள்பவரின் பட்டமான "யார்ல்" என்பதைப் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஊருக்கு ஊர் ஒரு யார்ல் வரும்போது கதை பிடிபடுவதில்லை.

முதல் படி: ஒரு நோட்டில் பட்டம், பெயர், அடைமொழி என்று மூன்று கட்டம் போடுங்கள். ஸ்கைரிமில் (2011) வைட்ரன் நகரை ஆள்பவருக்கு யார்ல் பட்டம், பால்க்ரூஃப் பெயர், "தி கிரேட்டர்" அடைமொழி.

இரண்டாம் படிதான் முக்கியம்: ஆள் மாறினால் அந்தச் சொல் அடுத்தவருக்குப் போகுமா என்று பாருங்கள். ஸ்டார்ம்க்ளோக் என்ற கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் நின்று வைட்ரனைப் பிடித்தால் விக்னார் என்பவர் யார்ல் ஆகிறார். பால்க்ரூஃப் வெறும் பால்க்ரூஃப்தான். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் லிச் கிங்காக இருந்த ஆர்த்தாஸ் வீழ்ந்ததும் போல்வார் அவருடைய தலைக்கவசத்தை அணிந்து அடுத்த லிச் கிங் ஆகிறார். லிச் கிங்கைப் பெயராகப் படித்தவருக்குச் செத்தவர் திரும்பி வந்ததாகத் தோன்றும். சோழர்களும் ராஜகேசரி, பரகேசரி பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். கல்வெட்டில் பட்டம் மட்டும் இருந்தால் எந்த மன்னர் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஒரு எச்சரிக்கை. குடும்பப் பெயரும் கைமாறும். மைசூர் உடையார் போல, பட்டமே வம்சப் பெயரானதும் உண்டு. அதனால் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் அது கிடைக்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) கூடவே வரும் ஸ்டென் இன்னும் சிக்கல்: அது குனாரி என்ற இனத்தின் படையில் ஒரு பதவி, பெயரே அல்ல. பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

மூன்றாம் படி, உங்கள் பாத்திரம். நீங்கள் டைப் செய்யும் பெயரை முன்பே பதிவான குரலால் உச்சரிக்க முடியாது. அதனால்தான் ஸ்கைரிமில் உங்களை "டிராகன்பார்ன்" என்ற பட்டத்தால் கூப்பிடுகிறார்கள். டிராகன் ஏஜ் 2 வேறு வழி பிடித்தது: ஹாக் என்ற குடும்பப் பெயரை நிலையாக வைத்து, முதல் பெயரை மட்டும் உங்களிடம் விட்டது. எங்களுக்கு அதுதான் நல்ல தீர்வு. பட்டத்தால் கூப்பிடும்போது வரும் தூரம் அதில் இல்லை.

ஆகவே பெயர்க் கட்டத்தில் "ராஜா", "தளபதி" என்று சேர்த்து எழுதாதீர்கள். கதைப்படி நீங்கள் இன்னும் கைதியாக இருக்கும்போதே திரையில் ராஜா என்று வந்து நிற்கும். அருள்மொழி என்று தொடங்குங்கள். 985இல் முடிசூடிய அருள்மொழிவர்மனுக்கும் ராஜராஜன் என்பது பிறகு வந்த பட்டம்தான். டேபிளில் உட்கார்ந்து ஆடும் குழுவானால், பட்டம் கிடைத்ததும் உங்கள் பாத்திரத்தின் விவரம் எழுதும் ஷீட்டின் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்: யார் கொடுத்தது, எதற்காக, யாரால் பறிக்க முடியும். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் பின்னால் அதைப் பிடித்துத்தான் கதையைத் திருப்புவார்.

வார்கிராஃப்ட்டில் பெயருக்கு 2 முதல் 12 எழுத்து வரை இடம். இடைவெளியோ எண்ணோ கூடாது. "தி எக்ஸ்ப்ளோரர்" போன்ற பட்டங்களைக் கேரக்டர் விண்டோவில் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். நண்பருக்கு விஸ்பர் (தனிச் செய்தி) அனுப்பும்போது பட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் டைப் செய்யுங்கள்.