உங்கள் குப்பத்தின் கதையை நீங்களே எழுதி வைப்பது எப்படி

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் மோனோவி என்று ஓர் ஊர். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1. வயதான அம்மா ஒருவர் மட்டும்தான். 1930களில் சுமார் 150 பேர் வாழ்ந்த இடம், பிழைப்புத் தேடி ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப்போய் அப்படி ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது, ரயில் எப்போது நின்றது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை எத்தனை தலை என்பதையெல்லாம் வடசென்னைக் கடலோரத்து எண்ணூரில் உட்கார்ந்தபடி நான் படிக்க முடிகிறது. எண்ணூரிலேயே இருக்கும் நம்ம மீனவக் குப்பங்கள் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பற்றித் தேடினால் எனக்கு உருப்படியாக நாலு வரி கிடைக்கவில்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன், நீங்களும் உட்காரலாம்.

முதலில் ஜனத்தொகை, ஏனென்றால் எல்லோரும் தடுமாறுவது அங்கேதான். சென்னை மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்பைத் திறந்து திருவொற்றியூரைத் தேடினால் வராது. கணக்கெடுத்தது பிப்ரவரி, மார்ச்சில். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு சேர்ந்தது அதே வருஷம் அக்டோபரில். அதுவரை இரண்டும் தனி நகராட்சிகள், இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தில். ஆகவே திருவள்ளூர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டை எடுங்கள், பழைய பெயரில் தேடுங்கள், வார்டு வாரியாகக் கிடைக்கும். திருவொற்றியூர் நகராட்சிக்கு 2,49,446 பேர் என்று அதில் இருக்கும். அப்போதைய வார்டு எண்ணும் இப்போதைய வார்டு எண்ணும் ஒன்றல்ல, இதை மறந்து இரண்டையும் ஒப்பிட்டால் ஊரே தலைகீழாகிவிடும்.

வார்டுக்குள் உங்கள் குப்பம் மட்டும் எத்தனை பேர் என்பது அந்தக் கையேட்டில் தனியாக வராது. அமெரிக்காவில் 72 வருஷம் கழித்து ஒவ்வொரு வீட்டின் பதிவையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், 1950ஆம் வருஷத்துப் பதிவு 2022இல் வந்தது. இங்கே சட்டப்படி வீட்டுப் பதிவை யாரும் பார்க்க முடியாது. சரி, என்ன வழி? ஊர்ப் பஞ்சாயத்து. திருவிழா வரி பிரிக்க அவர்களிடம் ஒரு நோட்டு இருக்கும், அதில் தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பம், எத்தனை என்று இருக்கும். பெரியவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள், எதற்கு என்று சொல்லுங்கள், பெயர்களை எடுக்காமல் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள். அந்த நோட்டில் ஒரு குறை உண்டு. வாடகைக்கு வந்தவர்கள், கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலப் பிள்ளைகள், சில இடங்களில் ஆண் துணை இல்லாத வீடுகள் அதில் இருக்காது. இவர்களைத் தெருத் தெருவாக நடந்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நில அமைப்புக்கு வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் நடங்கள். எண்ணூர் பக்கம் என்றால் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் விழும் முகத்துவாரம். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டும் தூண்டில் வளைவை எங்கே போட்டிருக்கிறார்கள், அதற்கு எந்தப் பக்கம் மணல் சேர்கிறது, எந்தப் பக்கம் அரிக்கிறது என்று எழுதுங்கள். அதன் பிறகு கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைத் திறந்து, கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று ஒரே இடத்தை வைத்து அளக்கலாம். ஒரு கட்டுமரக்காரரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. வாடை, கொண்டல், வன்னி, தெண்டி என்று காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அவர் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

வரலாறு என்றதும் பலர் வெள்ளைக்காரன் கட்டிய செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நம்ம பக்கத்துக்கு அதைவிடப் பழைய ஆதாரமே இருக்கிறது, திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகள் பல்லவர், சோழர் காலத்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி 1708இல் மானியமாகப் பெற்ற ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி நான்கும் நம்முடையவை, ஐந்தாவது நுங்கம்பாக்கம். எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் உங்கள் ஊரைத் தேடும்போது, வெள்ளைக்காரன் அந்தப் பெயரை எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம் என்று ஐந்தாறு விதமாக எழுதி எடுத்துப் போங்கள். நான் ஒரே எழுத்துக்கூட்டலோடு போய் ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிடிமானங்கள் நிறைய: அனல்மின் நிலையம் 1970இல் ஓட ஆரம்பித்தது, சுனாமி 2004 டிசம்பர், துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது 2017 ஜனவரி, மிக்ஜாம் புயலோடு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது 2023 டிசம்பர். என் ஆயா வீடு மாறிய வருஷத்தைக் கண்டுபிடித்தது இப்படித்தான், "புகைபோக்கி கட்டிக்கிட்டு இருந்தாங்க" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து. மீன் விற்கும் அம்மாக்களிடம் கட்டாயம் பேசுங்கள். எந்த மீன் எப்போது கூடையில் வராமல் போனது என்று அவர்கள் சொல்வது எந்தக் கோப்பிலும் இருக்காது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ வைத்திருக்கிறார்கள். அதற்குள் உங்கள் தலைக்கட்டுக் கணக்கை முடித்துவிடுங்கள், எடுத்த தேதியை மேலே எழுதுங்கள். மூன்று பிரதி போட்டு ஒன்றைப் பஞ்சாயத்திலும் ஒன்றைக் கிளை நூலகத்திலும் கொடுத்துவிட்டு, மூன்றாவதை வீட்டில் தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.