மூச்சைத் தேடுங்கள்: பல நாள் படகுப் பயணத்தில் திமிங்கலம் பார்ப்பது எப்படி?

காலையில் படகேறி மதியத்துக்குள் கரை திரும்பும் இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்தைத்தான் திமிங்கலம் பார்க்கப் போகும் பெரும்பாலோர் அறிந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் விலங்கு தென்பட்டால் உண்டு, இல்லையேல் வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படகிலேயே தங்கி நான்கு நாள், ஆறு நாள், பத்து நாள் என்று கடலில் இருக்கும் பயணத்தில் அந்த அவசரம் இல்லை. முதல் நாள் வெறும் நீராகத் தெரிந்த பரப்பு, மூன்றாம் நாள் செய்தி சொல்லத் தொடங்கும். கண் பழகுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும் என்பதே என் அனுபவம். முதன்முறையாக அப்படியொரு பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களுக்காக, ஆயத்தம் முதல் பதிவு வரை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: முதலில் விலங்கு, பிறகு மாதம், அதன் பிறகே இடம்

எங்கே போகலாம் என்று தொடங்காமல், எதைப் பார்க்க வேண்டும் என்று தொடங்குங்கள். பெருந்திமிங்கலங்கள் பலவும் கோடையில் குளிர்ந்த கடல்களில் இரை தேடுகின்றன. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடல்களுக்கு வந்து இணை சேர்ந்து குட்டி ஈனுகின்றன. சாம்பல் திமிங்கலங்கள் ஆர்க்டிக்கை ஒட்டிய கடல்களிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாக் காயல்கள் வரை போய் வருகின்றன. போக வரச் சேர்த்து அது 16,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அவற்றைக் குட்டிகளோடு சான் இக்னாசியோ காயலில் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். கூன்முதுகுத் திமிங்கலங்களுக்கு (ஹம்ப்பேக்) ஹவாய் என்றால் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, டோங்கா என்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை. இரண்டும் வெப்பக் கடல்கள்தான் என்றாலும், வட கோளத்தின் குளிர்காலமும் தென் கோளத்தின் குளிர்காலமும் வெவ்வேறு மாதங்களில் வருவதால் பருவமும் மாறுகிறது.

இந்த விதிக்கு விலக்குகளும் உண்டு. நியூசிலாந்தின் கைக்கோராவில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே வருவதால், அங்கே எண்ணெய்த் திமிங்கலங்களை (ஸ்பெர்ம் வேல்) ஆண்டு முழுவதும் காணலாம். வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் துருவத்தை நோக்கிப் போகாமல் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அவற்றைக் காண ஏற்ற காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.

படி 2: படகைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

அறை எவ்வளவு பெரியது, சாப்பாடு எப்படி என்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். விலங்கிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்பீர்கள்? அருகில் வந்ததும் என்ஜினை என்ன செய்வீர்கள்? கடலுயிர்களை அறிந்த வழிகாட்டி பயணம் முழுவதும் படகில் இருப்பாரா? நீருக்கடியில் ஒலி கேட்கும் மைக் உண்டா? எல்லோரும் சுற்றிவர நின்று பார்க்க உயரமான மேல்தளம் இருக்கிறதா?

இவற்றில் முதல் கேள்விக்கான பதிலே எனக்கு முக்கியம். ஆஸ்திரேலியாவில் படகுகள் திமிங்கலத்தை 100 மீட்டருக்குள்ளும் ஓங்கிலை, அதாவது டால்பினை, 50 மீட்டருக்குள்ளும் நெருங்கக் கூடாது. அழிவின் விளிம்பில் இருக்கும் வட அட்லாண்டிக் வலத் திமிங்கலத்துக்கு (ரைட் வேல்) அமெரிக்கா விதித்திருக்கும் இடைவெளி 500 கெஜம், அதாவது ஏறத்தாழ 460 மீட்டர். "எங்கள் படகு மற்றவர்களைவிடப் பக்கத்தில் போகும்" என்று பெருமையாகச் சொல்லும் படகைத் தவிர்த்துவிடுங்கள். துரத்தப்படும் விலங்கின் முதுகையும் வாலையும்தான் அந்தப் படகிலிருந்து பார்க்க முடியும்.

படி 3: உடலைக் கடலுக்குப் பழக்குதல்

படகாட்டத்தால் வரும் குமட்டலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் மூளை குமட்டலாக வெளிப்படுத்துகிறது. ஆகவே தொடுவானத்தைப் பார்த்தபடி திறந்த வெளியில் நிற்பதே முதல் மருந்து. படகின் நடுப்பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டிய தாழ்வான இடத்தில் ஆட்டம் குறைவு என்பதால் அறையையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, படகு புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது.

என் முதல் பயணத்தில் படகு துறையை விட்டு அகன்றதுமே பைனாகுலரைக் கண்ணில் வைத்து ஒரு மணி நேரம் எடுக்காமல் இருந்தேன். அன்று மாலைவரை எழுந்திருக்க முடியவில்லை. முதல் நாள் வெறுங்கண்ணே போதும். பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று நாட்களில் உடல் தானாகவே பழகிவிடும்.

படி 4: பையில் வைக்க வேண்டியவை

பைனாகுலர் 7x50 அல்லது 8x42 அளவில் இருக்கட்டும். முதல் எண் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கும் அதற்கு மேலும் பெருக்கும் கருவிகள் படகின் ஆட்டத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுவதால் காட்சி நிலைகொள்ளாது. நீரின் கண்கூசலைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி, தாடையில் கட்டிக்கொள்ளக்கூடிய தொப்பி, வெயில் காலத்திலும் ஒரு காற்றுத் தடுப்பு மேலுடை, ஈரத்தில் வழுக்காத காலணி ஆகியவை தேவை. குறிப்பேட்டோடு பேனாவுக்குப் பதில் பென்சில் கொண்டுபோங்கள், உப்புநீர் பட்டால் மை கரைந்துவிடும்.

படி 5: கடலைப் படிக்கும் முறை

எல்லோரும் தேடுவது துள்ளி எழும் திமிங்கலத்தை. நீங்கள் தேட வேண்டியது அதன் மூச்சை. திமிங்கலம் நீர்மேல் வந்து மூச்சு விடும்போது, நுரையீரலின் வெதுவெதுப்பான காற்று ஈரத்துளிகளோடு வேகமாக வெளியேறி வெண்புகைபோல் எழுகிறது. சில நொடிகளே நிற்கும் அந்தப் புகையை, கடல் அமைதியாக இருந்தால், பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் காணலாம்.

தேடும் முறை இதுதான். படகின் முனையை, மீனவர் வழக்கில் அணியத்தை, கடிகாரத்தின் 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் 3 மணி, பின்புறம் 6 மணி, இடப்பக்கம் 9 மணி. ஆளுக்கொரு கால்வட்டத்தைப் பிரித்துக்கொண்டு, தொடுவானத்தை ஒட்டி வெறுங்கண்ணை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். பிறகு சற்றுக் கீழே இறக்கி, வலமிருந்து இடமாக வாருங்கள். ஏதேனும் ஐயம் எழுந்தால் மட்டும் பைனாகுலரை எடுங்கள். கண்டவுடன் "அதோ, அதோ" என்று கத்தினால் யாருக்கும் பயனில்லை. "2 மணி, அரை கிலோமீட்டர்" என்று சொன்னால் படகோட்டி உட்பட அனைவரும் ஒரே இடத்தைப் பார்ப்பார்கள்.

மூச்சைத் தவிர வேறு தடயங்களும் உண்டு. அலைகளுக்கு நடுவே எண்ணெய் கொட்டியதுபோல் மழமழப்பான வட்டம் ஒன்று தெரிந்தால், சற்றுமுன் அங்கே ஒரு வால் நீரை உதைத்திருக்கிறது. கடற்பறவைகள் கூட்டமாக ஓரிடத்தில் பாய்ந்து மூழ்கினால், கீழே சிறுமீன்களை யாரோ மேல்நோக்கித் துரத்துகிறார்கள். பெரும்பாலும் ஓங்கிலோ சூரை மீனோ, சில வேளை திமிங்கலமோ அங்கே இருக்கும். காற்று வலுத்து எங்கும் வெண்ணுரை பூத்துவிட்டால் மூச்சுக்கும் நுரைக்கும் வேறுபாடு தெரியாது. எனவே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் அதிகாலையைத் தூக்கத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 6: மூச்சின் வடிவத்தைக் கொண்டு இனம் அறிதல்

நீலத் திமிங்கலத்தின் மூச்சு தூண்போல் நேராக, ஏறத்தாழ 9 மீட்டர்வரை எழும். கூன்முதுகின் மூச்சு குட்டையாக, புதர்போல் விரிந்திருக்கும். வலத் திமிங்கலத்தின் மூச்சு இரண்டாகப் பிரிந்து கவட்டைபோல் தெரியும். சாம்பல் திமிங்கலத்தை நேர் எதிரிலிருந்தோ பின்னாலிருந்தோ பார்த்தால் அதன் மூச்சு இதய வடிவில் தோன்றும். எண்ணெய்த் திமிங்கலத்துக்கு ஒரே மூக்குத்துளைதான். அதுவும் தலையின் முன்நுனியில் இடப்புறமாக இருப்பதால், மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். காற்று மூச்சைக் கலைத்துவிடும் என்பதால் ஒரே ஒரு மூச்சைப் பார்த்து முடிவு செய்யாமல், மூன்று, நான்கு மூச்சுகளைப் பாருங்கள்.

பிறகு முதுகுத் துடுப்பைக் கவனியுங்கள். நீலத் திமிங்கலத்தின் துடுப்பு அந்தப் பேருடலுக்குப் பொருத்தமே இல்லாத அளவுக்குச் சிறியது. நீண்ட முதுகு உருண்டு கடந்த பிறகே கடைசியில் தெரியும். சாம்பல் திமிங்கலத்துக்குத் துடுப்பே இல்லை, முதுகின் பின்பகுதியில் சிறு முடிச்சுகள் மட்டும் இருக்கும். கொலைத் திமிங்கலம் எனப்படும் ஓர்காவில் ஆணின் துடுப்போ 1.8 மீட்டர்வரை உயர்ந்து நிற்கும்.

படி 7: கடிகாரம் வைத்துக் காத்திருத்தல்

பல நாள் பயணத்தின் உண்மையான பலன் இந்தப் படியில்தான் இருக்கிறது. எண்ணெய்த் திமிங்கலம் நீர்மேல் மரக்கட்டைபோல் கிடந்து, 10 முதல் 20 நொடிக்கு ஒருமுறை மூச்சு விடும். ஏறத்தாழ பத்து நிமிடம் கழித்து முதுகை வளைத்து, வாலை முழுவதுமாக உயர்த்தி, செங்குத்தாக இறங்கும். மீண்டும் மேலே வர முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அரைநாள் படகுகள் அந்த வாலைப் பார்த்ததும் கிளம்பிவிடுகின்றன.

நாங்கள் ஒருமுறை என்ஜினை அணைத்துவிட்டு அதே இடத்தில் மிதந்தோம். மைக்கை நீருக்குள் இறக்கியதும் சுத்தியல் தட்டுவதுபோல் சீரான 'டக் டக்' ஒலி ஒலிபெருக்கியில் கேட்டது. இருளில் எதிரொலியால் இரை தேடும் ஒலி அது. நாற்பதாவது நிமிடம் ஒலி நின்றது. யாரும் பேசவில்லை. சற்று நேரத்தில் படகின் இடப்புறம், நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு அருகில், பிரஷர் குக்கர் ஆவி விட்டதுபோல் ஒரு சீற்றம். தோல் உலர்ந்த பிளம்ஸ்போல் சுருங்கியிருந்தது. அந்த மூச்சின் ஈரம் காற்றோடு வந்து என் கண்ணாடியில் புள்ளிபுள்ளியாகப் படிந்தது. அழுகிய மீனின் நெடி அடித்தது. நாங்கள் நகரவில்லை, அது எங்களைக் கடந்து போனது. நீங்களும் ஒவ்வொரு மூழ்கலின் நேரத்தையும் எழுதிவையுங்கள். இரண்டு, மூன்று முறை குறித்துவிட்டால் அடுத்து எப்போது எழும் என்று ஓரளவு கணிக்கலாம்.

படி 8: அருகில் வந்தபோது

படகு நின்றிருக்க விலங்கே விரும்பி வருமானால் என்ஜினை இயக்காமல், குரலைத் தாழ்த்தி, ஒரே பக்கமாக ஓடாமல் இருக்க வேண்டும். திடீரெனத் திசை மாற்றுதல், வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூழ்கியிருத்தல், வாலால் நீரை ஓங்கி அறைதல், தாய் குட்டிக்கும் படகுக்கும் இடையில் வந்து நிற்றல் ஆகியவை தொந்தரவின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைக் கண்டால் விலகிச் செல்லும்படி படகோட்டியிடம் பணிவாகச் சொல்லுங்கள். பயணியர் கேட்பார்கள் என்று எண்ணியே பலரும் நெருங்கிப் போகிறார்கள். அதே பயணியர் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

படி 9: திமிங்கலம் இல்லாத நேரங்கள்

பயணத்தின் பெரும்பகுதி இதுதான். பறவைக்கோலா மீன்கள் நீரைவிட்டு எழுந்து சறுக்குவதைப் பாருங்கள். தளர்ந்து ஆடும் ஒற்றைத் துடுப்பு தெரிந்தால் சுறா என்று முடிவு செய்யாதீர்கள். ஒருக்களித்துக் கிடக்கும் சூரியமீனாகவும் இருக்கலாம். இரவில் விளக்குகளை அணைக்கச் சொல்லி அணியத்தில் நின்று பாருங்கள். ஒளிரும் நுண்ணுயிர்கள் மிகுந்த நீரில் ஓங்கில்கள் வந்தால், ஒவ்வொன்றும் நீருக்கடியில் ஒளிக்கோடு இழுத்துக்கொண்டு போகும்.

படி 10: படமும் பதிவும்

ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதைவிட விரைவாகவோ இருக்கட்டும். கூன்முதுகு மூழ்கும்போது பின்னாலிருந்து வாலின் அடிப்பக்கத்தை எடுக்க முயலுங்கள். அங்குள்ள கருப்பு வெள்ளை வடிவமும் ஓரத்தின் வெட்டுகளும் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் தனியானவை. 2015-இல் தொடங்கப்பட்ட ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் அத்தகைய படத்தை ஏற்றினால், அதே விலங்கை முன்பு வேறு யாரேனும் வேறு கடலில் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒப்பிட்டுச் சொல்வார்கள். அதற்குப் படத்தோடு நாளும் நேரமும் இடமும் வேண்டும். ஆகவே புறப்படும் நாளன்றே கேமராவின் கடிகாரத்தைப் படகின் கடிகாரத்தோடு சரிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திமிங்கலத்தைக் கண்டதும், படகோட்டியின் ஜிபிஎஸ் திரையையும் ஒரு படம் எடுத்துவையுங்கள்.