டிரைவ்-த்ரூ வரிசை தெருவுக்கு வந்துவிட்டால்: கணக்கெடுத்து, முறையிட்டு, தீர்வு கேட்பது எப்படி

அமெரிக்கப் புறநகர்ச் சாலையில் சனிக்கிழமை மதியம் வலது ஓரத் தடத்தில் அசையாமல் நிற்கும் கார்கள் விபத்தினால் நிற்கவில்லை, பர்கருக்காக நிற்கின்றன என்பது புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடிக்கும். புரிந்த பிறகு முதலில் வருவது கோபம். அந்தக் கோபத்தோடு நகர மன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்: கனிவாகக் கேட்டுக்கொள்வார்கள், நன்றி சொல்வார்கள், அடுத்த ஆளை அழைப்பார்கள். அதே மன்றத்துக்கு ஒரு தாள் நிறைய எண்களோடு போனபோது போக்குவரத்துப் பொறியாளர் என்னை வெளியே வந்து சந்தித்தார். நான் வசிப்பது கலிபோர்னியாவில் என்பதால் இங்கே சொல்லும் சட்டங்கள் அந்த மாநிலத்தவை. பிற மாநிலங்களில் விதிகளின் பெயரும் எண்ணும் மாறும், செய்யவேண்டிய வேலை பெரும்பாலும் மாறாது.

டிரைவ்-த்ரூ, அதாவது காரைவிட்டு இறங்காமலே கடை ஜன்னலில் உணவு வாங்கும் முறை, புதிய வழக்கம் அன்று. இன்-என்-அவுட் என்னும் பர்கர் நிறுவனம் 1948-இல் கலிபோர்னியாவின் பால்ட்வின் பார்க்கில் இருவழி ஒலிபெருக்கி வைத்துக் காரிலிருந்தபடியே ஆர்டர் வாங்கத் தொடங்கியது. மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ்-த்ரூ ஜன்னலை 1975-இல், அரிசோனாவின் சியரா விஸ்டாவில், பயிற்சிச் சீருடையோடு காரைவிட்டு இறங்க அனுமதி இல்லாத படைவீரர்களுக்காகத் திறந்தது. ஒரு வசதியாகத் தொடங்கிய அந்த ஜன்னல்தான் பெருந்தொற்றுக்கு முன்பே அமெரிக்காவில் அந்நிறுவனத்தின் விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தந்துகொண்டிருந்தது. ஆனால் கடைகள் நிற்கும் மனைகளில் பல, ஏழெட்டுக் கார்கள் நின்றால் போதும் என்று எண்ணிய காலத்தில் வரையப்பட்டவை.

முதல் வேலை: எண்ணுவது

வரிசை நீள்வதற்குக் காரணம் கூட்டம் மட்டும் அன்று. ஜன்னலின் வேகத்துக்கும் கார்கள் வந்துசேரும் வேகத்துக்கும் உள்ள சிறு வித்தியாசமே காரணம். கார்கள் ஒழுங்கின்றி வந்துசேர்வதாக வைத்துக்கொள்ளும் எளிய வரிசைக் கணக்கின்படி, ஜன்னல் கையாளக்கூடிய அளவில் 80 விழுக்காடு கார்கள் வந்தால் வளாகத்தில் சராசரியாக 4 கார்கள் இருக்கும். 90 விழுக்காட்டுக்கு அது 9 ஆகும். 95 விழுக்காட்டுக்கு 19 ஆகும். கடைசி ஐந்து விழுக்காடு வரிசையை இரட்டிப்பாக்கிவிடுகிறது. ஆகவே, 'எப்போதும் நெரிசல்' என்று எழுதுவதால் பயனில்லை. எந்த நேரத்தில் வரிசை நடைபாதையைத் தாண்டியது, எத்தனை நிமிடம் அப்படியே இருந்தது என்று எழுத வேண்டும்.

இதற்கு இரண்டு பேர், ஒரு கைக்கடிகாரம், ஒரு தாள் போதும். எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பர்கர் கடைக்கு எதிரே, பேருந்து நிறுத்தப் பலகையில் அமர்ந்து நானும் மனைவியும் ஒரு சனிக்கிழமை கணக்கெடுத்தோம். வரிசையின் வாலில் வந்துசேரும் ஒவ்வொரு காருக்கும் அவள் ஒரு கோடு போட்டு ஐந்தைந்தாகக் கட்டினாள். உணவு வாங்கிக்கொண்டு வெளியேறும் கார்களை நான் குறித்தேன். மதியம் 12 மணிக்கு வரிசையில் 9 கார்கள் இருந்தன. அடுத்த ஒரு மணி நேரத்தில் 96 வந்தன, 84 வெளியேறின. 1 மணிக்கு 21 கார்கள் நின்றன. அந்த வளாகத்துக்குள் அடங்குவது 14 மட்டுமே. 12:28-க்கு நடைபாதையைத் தாண்டிய வரிசை 1:40 வரை உள்ளே திரும்பவில்லை. திட்டமிடுவோர் வரிசையில் ஒரு காருக்கு வழக்கமாக 20 முதல் 25 அடி வரை ஒதுக்குவார்கள். 25 என்று வைத்தால், 1 மணிக்கு வெளியே நின்ற 7 கார்கள் 175 அடிச் சாலையைப் பிடித்திருந்தன.

அந்த நேரத்தில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் வந்தார். நுழைவாயிலின் குறுக்கே இரண்டு கார்கள் பம்பரோடு பம்பராக நின்றன. பின்னால் நின்ற காரின் ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, தள்ளுவண்டியின் முன்சக்கரங்களைத் தூக்கி, சாலைக்குள் இறங்கி, வரிசையின் வாலைச் சுற்றிக்கொண்டு போனார். மனைவி தாளின் ஓரத்தில் '12:51, தள்ளுவண்டி, சாலையில் இறங்கினார்' என்று எழுதினாள். பிறகு மன்றத்தில் அந்த வரிக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

எண்ணும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரே நாளை நம்ப வேண்டாம். குறைந்தது இரண்டு சனிக்கிழமைகள், ஒரு வார நாள் மதியம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆகியவற்றை எடுங்கள். எண்ணிக்கையோடு நேரத்தையும் எடுங்கள்: எளிதில் அடையாளம் தெரியும் ஒரு காரைத் தேர்ந்து, அது வாலில் சேர்ந்ததிலிருந்து வெளியேறும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதானால் முகமும் எண்தகடும் விழாதபடி, வரிசையின் வாலும் நடைபாதையும் தெரியும்படி எடுத்தால் போதும். சிக்-ஃபில்-ஏ என்னும் கோழி உணவுக் கடையைப் போல ஞாயிற்றுக்கிழமை மூடும் கடையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்: அதே சாலையை ஞாயிறு மதியமும் கணக்கெடுத்தால், கடை இல்லாதபோது சாலை எப்படி இருக்கும் என்பதற்கான சான்று இலவசமாகக் கிடைத்துவிடும்.

இதோடு விபத்து விவரத்தையும் சேருங்கள். கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை திரட்டும் விபத்துப் பதிவுகளை, பெர்க்கலி பல்கலைக்கழகத்தின் டிம்ஸ் என்னும் இணையக் கருவியில் எவரும் இலவசமாக வரைபடத்தில் பார்க்கலாம். கடை திறந்த தேதிக்கு முன்னும் பின்னும் அந்தத் துண்டுச் சாலையில் நடந்த பின்மோதல்களையும் இடத்திருப்ப (இடப்பக்கம் திரும்பும்போது நடக்கும்) விபத்துகளையும் தனித்தனியே எடுங்கள். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள். பெரிதுபடுத்தினால் பொறியாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

யாரிடம் எந்த வரிசையில் போவது

முதலில் கடை மேலாளரிடம் போங்கள், அதுவும் பிற்பகல் 3 மணிக்கு. மதிய நெரிசலில் போய் நின்றால் உங்களை இன்னொரு வாடிக்கையாளர் என்றுதான் எண்ணுவார். எங்கள் கணக்கின்படி அந்தக் கடையின் ஜன்னல் சராசரியாக 43 விநாடிக்கு ஒரு காரை அனுப்பியது, வந்தவையோ 37.5 விநாடிக்கு ஒன்று. அந்த ஐந்தரை விநாடிதான் 175 அடியாகச் சாலையில் படுத்திருந்தது என்று மேலாளரிடம் காட்டியபோது, அவர் முதல் முறையாக என் தாளைக் கையில் வாங்கினார். பணம் வாங்கும் வேலையைக் கைக்கருவியோடு ஓர் ஊழியரிடம் கொடுத்து, ஜன்னலுக்கு நான்கைந்து கார்களுக்கு முன்பே முடிக்கலாம். நேரம் பிடிக்கும் ஆர்டர்களை முன்னே தள்ளி நிறுத்தி உணவைக் கொண்டுவந்து கொடுக்கலாம். செயலி வழியே ஆர்டர் செய்தவர்களை வரிசைக்கே வரவிடாமல் நிறுத்துமிடத்துக்குத் திருப்பலாம். இவை எதற்கும் நகரத்தின் அனுமதி வேண்டியதில்லை.

அடுத்தது பக்கத்துக் கடைக்காரர்கள். குடியிருப்பவர் பேசுவதைவிட, நுழைவாயில் அடைபட்டு வாடிக்கையாளரை இழக்கும் சலவைக் கடைக்காரர் பேசுவது மன்றத்தில் எடுபடும் என்பது கசப்பான உண்மை. வணிக வளாகமாக இருந்தால் மனையின் உரிமையாளருக்கும் எழுதுங்கள். வரிசையைக் கட்டடத்தின் பின்புறம் சுற்றிவிட அவருடைய சம்மதம் தேவைப்படும்.

பிறகு நகரப் போக்குவரத்துப் பொறியாளர். கடைக்கு நிபந்தனைப் பயன்பாட்டு உரிமம் (நிபந்தனைகளோடு நகரம் தரும் அனுமதி) இருந்தால் அதன் நகலைப் பொதுப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள்; நகரம் 10 நாளுக்குள் தன் முடிவைத் தெரிவித்தாக வேண்டும். 'வரிசை பொதுச் சாலைக்கு நீளக் கூடாது' என்று அந்த உரிமத்தில் ஒரு வரி இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. காவல்துறையிடம் சொல்வதானால், அவசர எண்ணைத் தவிர்த்துவிட்டு விதி எண்களோடு சொல்லுங்கள். வாகனச் சட்டத்தின் 22500-ஆவது பிரிவு சந்திப்பிலும் பாதசாரிக் கடப்பிலும் நடைபாதையிலும் நுழைவாயிலின் குறுக்கேயும் நிற்பதைத் தடுக்கிறது. 22526-ஆவது பிரிவு அப்பால் இடமில்லாதபோது சந்திப்புக்குள் நுழைவதைத் தடுக்கிறது. 21209-ஆவது பிரிவு, திருப்பத்துக்காக மிதிவண்டித் தடத்துக்குள் வரும் வாகனத்துக்கு 200 அடிதான் இடம் தருகிறது. ஆனால் அபராதச் சீட்டால் வரிசை அன்றைக்குக் கலையும், அடுத்த சனிக்கிழமை திரும்ப வரும். அதை ஒரு பதிவாக மட்டும் கருதுங்கள்.

இவையெல்லாம் பலிக்காதபோது மன்றம். உள்ளாட்சிக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கும் பிரவுன் சட்டத்தின்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்கள் பேசவும் அதில் இடம் உண்டு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடமே தருவார்கள், ஆகவே உங்கள் உணர்ச்சிகளுக்கு அதில் இடமில்லை. நடைபாதை அடைபட்ட நிமிடங்கள், சாலையில் நின்ற அடிகள், நீங்கள் கேட்கும் ஒரே ஒரு நடவடிக்கை: இந்த மூன்றையும் சொல்லிவிட்டு அமருங்கள்.

இப்படிப் பேசியதற்கு முன்னுதாரணம் சான்டா பார்பரா. அங்கே ஸ்டேட் தெருவிலுள்ள சிக்-ஃபில்-ஏ கடையைப் பொதுத் தொல்லை என்று அறிவிக்கலாமா என்று 2022-இல் நகர மன்றம் விசாரித்தது. வரிசையால் ஒரு தடம் வார நாள்களில் 90 நிமிடம் வரையும் சனிக்கிழமைகளில் 155 நிமிடம் வரையும் அடைபடுகிறது என்று நகர அலுவலர்கள் முன்வைத்தார்கள். நிறுவனம் மாற்றங்கள் செய்ய முன்வந்தது, மன்றம் அறிவிப்பைத் தள்ளிவைத்தது. 'கூட்டம் அதிகம்' என்ற குறையை எவரும் மறந்துவிடலாம். 155 நிமிடத்தை அப்படி மறக்க முடியாது.

எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது

இரட்டை ஆர்டர் தடம் வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஜன்னல் ஒன்றாகவே இருந்தால் இரண்டு தடங்களும் அதன் முன் வந்து ஒன்றாகத்தான் சேரும். கார்கள் நிற்கும் இடம் கூடுமே தவிர வேகம் கூடாது. அந்த இடம்தான் வேண்டும் என்றால் கேளுங்கள், வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள். வரிசை குறைந்தது என்று தெரிந்ததும், முன்பு பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் திரும்ப வருவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒழுங்குபடுத்த ஆளை நிறுத்துவது திறப்பு விழா வாரத்துக்கு உதவும். 2020 நவம்பரில் கொலராடோவின் ஆரோராவில் இன்-என்-அவுட் திறந்தபோது 14 மணி நேரம் காத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் ஆண்டு முழுதும் அப்படி நிறுத்திவைக்க எந்தக் கடையும் தொடர்ந்து செலவழிப்பதில்லை.

என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது இடத்திருப்பத் தடை. வலப்பக்கமாக ஓட்டும் நாட்டில், எதிர்த் தடங்களைக் குறுக்கே வெட்டிக் கடைக்குள் நுழையக் காத்திருக்கும் ஒரே ஒரு கார், வேகத் தடத்தையும் சேர்த்து முடக்கிவிடும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அல்லது வலத்திருப்ப நுழைவு மட்டும் என்ற பலகை, வரிசையைக் குறைக்காவிட்டாலும் அது கெடுக்கும் தடங்களைக் குறைக்கும்.

புதிய கடை வரப்போகிறது என்றால் இன்னும் எளிது. மனையிலிருந்து 300 அடிக்குள் சொத்து உள்ளவர்களுக்கு விசாரணை அறிவிப்பு அஞ்சலில் வரும். விளம்பரத் தாள் என்று எண்ணிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வரிசை ஆய்வை நாடெங்குமுள்ள கடைகளின் சராசரி எண்ணைக் கொண்டு செய்யாமல், அதே நிறுவனத்தின் பரபரப்பான கடைகளில் நேரில் எண்ணிச் செய்யுமாறு கேளுங்கள். திறந்து ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு செய்ய வேண்டும், வரிசை வெளியே வந்தால் உரிமையாளர் இன்னது செய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளை உரிமத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை 1 முதல், கலிபோர்னியா சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வாகனத் தாமதம் சுற்றுச்சூழல் பாதிப்பாகவே கொள்ளப்படுவதில்லை. மக்கள் ஓட்டும் மொத்த மைல் தூரமே அளவுகோல். ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி 'நெரிசல்' என்று வாதிட்டால் நிற்காது. பாதசாரிகளின் பாதுகாப்பு, உரிம நிபந்தனை ஆகிய இரண்டின் மேல் நின்று பேசுங்கள்.

மினியாபொலிஸ் நகரம் 2019-இல் செய்ததுபோல் புதிய டிரைவ்-த்ரூக்களையே தடைசெய்யச் சொல்லலாம்தான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் கடையின் வரிசையை அந்தத் தடை ஓர் அடிகூடக் குறைக்காது.

எங்கள் கடையில் மேலாளர் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வரிசையைக் கட்டடத்தின் பின்புறமாகச் சுற்றிவிட்டார்; உள்ளே அடங்கும் கார்கள் 14-இலிருந்து 20 ஆயின. இரண்டு மாதம் கழித்து அதே பலகையில், அதே நேரத்தில், அதே தாளின் மறுபக்கத்தில் திரும்ப எண்ணினோம்: வரிசை நடைபாதையைத் தாண்டியிருந்தது 9 நிமிடம் மட்டுமே. இடத்திருப்பத் தடைக்கான மனு இன்னும் போக்குவரத்துப் பொறியாளரின் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்காக வெள்ளிக்கிழமைதோறும் நகர இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.