குடியை விட விரும்புகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டங்களில் சேர்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தவறணைப் பக்கம் போகிறவரை ஊர் பெரிதாகக் கவனிப்பதில்லை. குடியை விடப் போகிறவரைத்தான் கவனிக்கும் என்று நினைத்து இரண்டு வருடங்களை வீணாக்கியவன் நான். அந்த நினைப்பு முழுக்கப் பிழையும் அல்ல. வீதியில் காண்பவர் எல்லாம் யாரோ ஒருவருக்கு உறவாக இருக்கும் இடத்தில், முகம் காட்டாமல் தொடங்க ஒரு வழி வேண்டும் என்பதால், குடியை விட விரும்புகிறவர்கள் கூடி அனுபவம் பகிரும் கூட்டங்களுக்கு இணையவழியில் தொடங்கிப் பின்னர் நேரில் போன என் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது: நாள்தோறும் குடிப்பவர், கூட்டத்துக்குப் போவதற்காக இன்றிரவே தானாக நிறுத்திவிடக் கூடாது. கடைசியாகக் குடித்ததிலிருந்து ஏறத்தாழ 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் கடும் நடுக்கமும், மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் தொடங்கினால் அது உயிராபத்து. ஆகவே முதலில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உள்ள உளநலப் பிரிவுக்குச் சென்று, எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

இரண்டாவது, எந்தக் கூட்டம் என்பது. நான் போனது ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் கூட்டங்களுக்கு. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது. சேர்வதற்குக் கட்டணமோ படிவமோ கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. பட்டியலில் ‘திறந்த கூட்டம்’ என்றிருந்தால் யாரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ என்றால் குடியை விட விரும்புகிறவர்கள் மட்டும் வரலாம்.

மூன்றாவது, தேடுதல். ஏ.ஏ. அமைப்பின் இணையவழிக் கூட்டப் பட்டியலில் மொழியையும் நாளையும் கொண்டு தேடலாம். நான் முதலில் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். என் தொலைபேசி இலக்கம் அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது. ஆகவே பட்டியலையே பயன்படுத்துங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. நேரத்தையும் கவனியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து நடக்கும் கூட்டமென்றால் அவர்கள் கடிகாரமும் எங்கள் கடிகாரமும் ஒன்றே. இலண்டனில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் கூட்டமோ எங்களுக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு கடந்து 12.30.

நான்காவது, நான் இடறி விழுந்த இடம். நான் சேர்ந்த கூட்டம் சூம் என்ற காணொளிச் செயலியில் நடந்தது. என் கைத்தொலைபேசியில் இருந்த சூம் கணக்கு, 2020இல் மகளின் இணையவழி வகுப்புக்காகத் திறந்தது. அதை மறந்து இணைப்பை அழுத்தினேன். இருபது பேர் அமைதியாக இருந்த கூட்டத்தில், என் மகளின் முழுப் பெயரும் வகுப்பும் திரையில் வந்து நின்றன. பதறி வெளியேறியவன் மூன்று வாரம் திரும்பிப் போகவில்லை. நீங்கள் இதைச் செய்யுங்கள்: முதல் நாளே சூமைத் திறந்து அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், பின்னர் கூட்ட இலக்கத்தையும் கடவுச்சொல்லையும் இட்டு, பெயர் கேட்கும் இடத்தில் முதற்பெயரையோ ஓர் எழுத்தையோ மட்டும் எழுதுங்கள், காணொளியையும் ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டே உள்ளே செல்லுங்கள். தவறுதலாக வேறு பெயருடன் நுழைந்துவிட்டால், பங்கேற்பாளர் பட்டியலில் உங்கள் பெயரைத் தொட்டு அநேகமாக அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்; என்னைப் போல ஓட வேண்டியதில்லை. இயர்போன் கட்டாயம், ஏனென்றால் எங்கள் வீடுகளில் ஓர் அறையில் பேசுவது குசினி வரை கேட்கும்.

கூட்டம் வழக்கமாக ஒரு மணித்தியாலம் நடக்கும். பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் அனுபவத்தைப் பகிர்வார். இடையில் யாரும் குறுக்கிட்டுப் புத்தி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்பதே போதும்.

நான்கு மாதங்கள் இப்படிக் கேட்ட பிறகு, வேலையாகக் கொழும்புக்குப் போனபோது முதன்முறையாக நேரில் ஒரு கூட்டத்தில் அமர்ந்தேன். எங்கள் பக்கத்தில் கூடும் குழுக்களைப் பற்றி உளநல கிளினிக்கில் கேட்பதே நல்லது, சிறு குழுக்களின் இடமும் நாளும் மாறக்கூடியவை என்பதால்.

பின்சேர்ப்பு: இதை வாசித்த ஒரு சகோதரி, கணவர் வரமாட்டார், நான் மட்டும் வரலாமா என்று எழுதிக் கேட்டார். குடும்பத்தினருக்கென்றே அல்-அனொன் என்ற அமைப்பு 1951 முதல் இயங்குகிறது. குடிக்கிறவர் வருகிறாரா இல்லையா என்று அங்கே பார்ப்பதில்லை.

இன்னொரு பின்சேர்ப்பு: கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களே, இது மதமாற்றமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான ‘பன்னிரண்டு படிகளில்’ வரும் இறைவன், ‘நாம் விளங்கிக்கொண்டவாறு’ என்ற சொற்களோடுதான் வருகிறார். நான் நல்லூரானையே நினைத்துக்கொள்கிறேன், இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. குடித்துவிட்டு வரலாமா என்றும் அந்தத் தம்பி கேட்டிருந்தார். வரலாம், ஆனால் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்க மட்டும் செய்யுங்கள். என் மூன்றாவது கூட்டத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். கூட்டம் முடியும்போது அதை நடத்தியவர் என்னிடம் கேட்டது, நாளைக்கும் இதே நேரத்துக்கு வருவீர்களா என்பது மட்டுமே.